வெங்காரமும் சர்க்கரையும்

என் மனைவி நட்டுவிட்டுப் போன ரோஜாவை எறும்பு மொய்க்கிறது. அவளுடைய மருந்து பாட்டில் மூடியில் சர்க்கரைப் பாகும், எறும்பை மெல்லக் கொல்லும் வெங்காரமும் கலந்து செடியடியில் வைக்கிறேன். மண்ணைக் கெடுக்காத வழி. காலை வெயிலில் அது தேனாக மின்னுகிறது. "இனிப்பைக் கண்டா எறும்பும் உங்கள மாதிரிதான் மாமா, எதையும் துருவிக் கேக்காது" என்று சிரிக்கிறாள், கொடியில் துணி உலர்த்தும் மைத்துனி. சிரிப்பு நிற்கிறது. "பொழைக்க மாட்டோம்னு அக்காவுக்கு முன்னாடியே தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா." அவள் கையில் ஈரச் சட்டை சொட்டிக்கொண்டிருக்கிறது. பாகைக் குடித்த எறும்பு ஒன்று புற்றுக்குத் திரும்புகிறது. எதிர்ப்படும் ஒவ்வொன்றிடமும் முகத்தோடு முகம் வைத்து ஏதோ சொல்லிவிட்டு நகர்கிறது, "வெறும் அசதிதாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று மனைவி என் தலையைக் கோதிச் சொன்னதுபோல.