கடைசி இலக்கம்

ரெஜினா கிரெடிட் கார்டை நான்கு துண்டாக வெட்டிப் போட்டு ஒரு மாதமாகிறது. ஆனால் கார்டு என்பது வெறும் பிளாஸ்டிக்தான். அதன் எண் கணவன் அருளப்பனின் போனில் அப்படியே இருந்தது. அவனுடைய வண்ணமீன் கடைக்காக அவள் பெயரில் எடுத்த கார்டு. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறாள். அது வட்டிக்கே போய்விடுகிறது, அசல் அசையாமல் கிடக்கிறது. அவன் எதை வாங்கினாலும் ஆறு இலக்க ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும்.

இப்போது வந்தது. பின்னாலேயே அவன் அழைத்தான்.

"ரெஜி, நம்பரச் சொல்லும்மா. பெரிய தொட்டி, பாதி விலைக்கு விடுறான்!"

அவனிடம் முடியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்றுகொண்டு, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொன்னாள்.

"தப்புங்குதே. கண்ணாடியப் போட்டுப் பாரு தாயே."

உட்கார்ந்தாள். மறுபடியும் மாற்றினாள். மூன்று முறை தவறினால் கார்டு பூட்டிக்கொள்ளும். திறக்க அவளே வங்கிக்குப் போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.

மறுமுனையில் தொட்டிகளின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணொண்ணா சொல்லு ரெஜி," என்றான் மெதுவாக.

ஐந்து இலக்கங்களைச் சரியாகச் சொல்லிவிட்டு மீண்டும் எழுந்தாள். அவன் காத்திருந்தான்.