ஆறாம் லயம், மூன்றாம் வீடு

இதில் ஒரு எழுத்துப் பொய்யென்றாலும், இனிமேல் குடிக்கிற கட்டன்சாயா தொண்டையில் இறங்காமல் நிற்கட்டும்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்; தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். அங்கிருந்து கல்லூரியில் சேர்ந்த அருண்பாண்டி ஒருநாளும் வகுப்புக்கு வரவில்லை. எந்த மாணவனையும் தோற்க விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்த இயற்பியல் ஆசிரியர் முனீஸ்வரன், 'ஆறாம் லயம், மூன்றாம் வீடு' என்ற விலாசத்தை விசாரித்துக்கொண்டு ஞாயிறுதோறும் பாடம் நடத்தப் போனார். போகும்போதெல்லாம் தேயிலைக் கொளுந்து கிள்ளுகிற குருவம்மாள்தான் வீட்டில் இருந்தாள்.

"பையன் எங்கம்மா?"

"இப்பத்தான் கடைக்குப் போனான் சார். நீங்க நடத்துங்க, நான் சொல்லிருதேன்."

கொளுந்துச் சாக்கை வைத்தே ஈர்ப்பு மையத்தை விளக்கினார் ஆசிரியர். மறுவாரமே குருவம்மாள் நாலு சாக்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கி, கையை வீசிக்கொண்டு மலையிறங்கினாள். அட்டைப்பூச்சிகூட வழுக்கி விழுகிற சரிவு அது.

கடைசி ஞாயிறு வந்தது.

"நாளைக்குப் பரீட்சை. ஒரு தடவையாவது அவனைக் கண்ணுல காட்டுங்கம்மா. தோத்தா வருஷம் போயிரும்."

"எல்லாம் மண்டையில ஏறிருச்சு சார். சந்தேகம்னா என்னையக் கேளுங்க."

இருபது கேள்வி கேட்டார். இருபதுக்கும் விடை வந்தது.

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"ஒம்பதோட நிப்பாட்டி, கொளுந்து கிள்ள விட்டுட்டாங்க சார். சயின்ஸுல நாந்தான் பஸ்ட்டு."

அம்மாவே இப்படியென்றால் மகனுக்கு என்ன குறை என்று ஆசிரியர் நிம்மதியாக பஸ் ஏறினார்.

கீழ் டிவிஷன் ஆறாம் லயம், மூன்றாம் வீட்டு அருண்பாண்டி மறுநாள் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். மேல் டிவிஷன் ஆறாம் லயம், மூன்றாம் வீட்டுக் குருவம்மாளுக்குப் பிள்ளையே கிடையாது.