பதினேழு எழுத்து, பதினெட்டு சுரம்

பதினேழு எழுத்து ஹைக்கூவுக்கு இசையமைக்க வேண்டும்; ஓர் எழுத்துக்கு ஒரு சுரம் என்பது போட்டியின் விதி. புள்ளி எழுத்துகள் கணக்கில் சேரா. முல்லா வீதி வீட்டு மாடியில் இஃப்ஃபத் கீபோர்டில் பதினேழு சுரங்கள் வாசித்துப் பதிவு செய்தாள். பதிவைக் கேட்டபோது பதினெட்டு இருந்தன.

"புள்ளி வச்சதையும் எண்ணிட்டியாக்கா?" என்று தம்பி ஸாகிப் சிரித்தான்.

"வாசிச்சதே பதினேழுதான்டா. நீயே எண்ணிப் பாரு."

அவள் மறுபடி வாசிக்க, விரல் விட்டுப் பதினேழு எண்ணியவன் பிறகு சிரிக்கவில்லை.

மறுபடி ஐந்து முறை பதிவு செய்தாள். ஒவ்வொரு பதிவிலும், அவள் வாசித்து முடித்த நீண்ட மௌனத்துக்குப் பின் அந்த ஒரு சுரம் வந்தது. ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் ஒரு மாத உழைப்பு வீண். கடைசித் தடவை பதினாறோடு நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பதிவில் பதினேழு இருந்தன. அவள் வாசிக்காமல் விட்ட சுரம், சரியான இடத்தில் வந்திருந்தது.

வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று படிவம் கேட்டது. இரண்டு என்று எழுதி அனுப்பினாள்.