கூட ஒருத்தர்

அக்கா ஓசியில் வெளிநாடு பார்க்க அடி போடுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறவன் அவனாக இருக்க, ஊரில் இருக்கிற அவளுக்கு எதற்கு இத்தனை கேள்வி?

அவன் வீடியோ எடிட்டர். பேங்க் வேலையை உதறிவிட்டு, லேப்டாப்பும் கையுமாக வேற்று நாட்டில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவன். சம்பளம் கொடுக்கும் கம்பெனி இன்னொரு நாட்டில். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். தலைவலி வந்தால் என்னவென்று கேட்கத்தான் ஆள் கிடையாது.

வரும்போது எடுத்த பயண இன்சூரன்ஸ் முடியப்போகிறது. புதிதாக எடுக்க வேண்டும். மலிவான திட்டத்தில் விபத்துக்கு மட்டும் வைத்தியம். நோய் என்றால் ஊசி போட்டு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று முழு மருத்துவக் காப்பீடு. விலையும் முழுசாகத்தான் இருந்தது.

படிக்கப் படிக்கப் பயம் கூடியது. இதற்குக் கிடையாது, அதற்குக் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்த நோயெல்லாம் தனக்காகவே வரிசையில் நிற்பதுபோலத் தெரிந்தது. படிக்கும்போதே நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான்.

போதாததற்கு அக்கா தினமும் போனில். மயக்கமாக வந்தால் யாரைக் கூப்பிடுவாய், அந்த ஊர் பாஷையில் டாக்டரிடம் யார் எடுத்துச் சொல்வார்கள், ஆபரேஷன் என்றால் யார் சம்மதம் கொடுப்பார்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பாள்.

“ஆஸ்பத்திரில படுத்துட்டா, கூட இருக்க வீட்டுல இருந்து ஒருத்தரை அவங்க செலவுல வரவழைப்பாங்களா? அது எதுல இருக்கோ, அதை எடு.”

அதற்குத் தனியாகக் கட்டவேண்டும் என்றான். கட்டு என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமா அவளைப் பக்கத்து ஊருக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. அதற்காக, தம்பி படுத்தால்தான் அக்காவுக்கு டூரா? அவனுக்கு மனசு கசந்தது. ஆனாலும் அவள் நச்சரிப்பு தாங்காமல் அதையே எடுத்தான்.

அப்பா ஏதாவது கேட்டாரா என்ற கேள்வி வாய்வரை வரும். கேட்கமாட்டான். அம்மா போனபின் அந்த வீட்டில் அப்பாவும் அக்கா குடும்பமும்தான். பேங்க் வேலையை விட்ட அன்றைக்கு, “இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொன்னவர், ஒரு போன் செய்யாமல் இன்றுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றி வந்தார்.

ஒரு மத்தியானம், வேலையின் நடுவே, வயிற்றை யாரோ உள்ளே இருந்து பிடித்து முறுக்குவதுபோல வலி வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மயங்கி விழுந்தால் கதவை உடைத்தல்லவா வரவேண்டியிருக்கும்? முதலில் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிவைத்தான். அதற்குப் பிறகுதான் இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே அறுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதை, எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளர் குரல் போனில் சொல்லிற்று. நர்ஸ் அவனைச் சுட்டிக்காட்டி, பக்கத்துக் காலி நாற்காலியையும் காட்டினாள். கூட யார் என்று கேட்கிறாள். யாருமில்லை என்று அவன் தலையை ஆட்டினான். அவள் எதையோ எழுதிக்கொண்டாள். அவள் என்ன எழுதினாளோ என்றே அவனுக்குப் பயமாக இருந்தது.

கண் விழித்த பிறகும் பயம் விடவில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. டாக்டர்கள் கால்மாட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. செத்துப்போனாலும் தனக்குப் புரியாத பாஷையில்தான் சொல்வார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது.

இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அவசர விசா கிடைத்துவிட்டதாம், வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பியாயிற்றாம். அக்கா ஆசை நிறைவேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்தானே தவிர, காது என்னவோ வாசலிலேயே கிடந்தது. டூருக்கு வந்தாலும் சரி, அவள் வந்தால் போதும்.

கதவு திறந்தது.

துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்தக் கட்டில் என்று தெரியாமல் விழித்தபடி நின்றவர், அப்பா.

கிட்டே வந்து நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வலிக்குதாடா?”

அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் அழுதான்.

அப்பா டாக்டரைத் தேடி வெளியே போனதும் அக்காவுக்குப் போன் செய்தான்.

“நீ வருவேன்னு நெனச்சேன்க்கா. நீதானே தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தே?”

“அதெல்லாம் என் கேள்வின்னா நெனச்சே? பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்ததே அப்பாதான். தான் கேட்டதா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார்.”

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நான் எங்கேடா வர்றது, எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. நீ ப்ளேன் ஏறின மறுவாரமே போய் எடுத்துட்டு வந்தவர் அவர்தான்.”