ஒரு பொட்டு வை

"ரெண்டு மணிக்குக் கரண்டைப் புடுங்கிடுவான் மணிமாறா, ஜல்தியா முடி!"

திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தேவநாதன் அவசரப்படுத்தினான். இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் கருகி நாலு நாள் ஆகிறது. கிளியனூர் பூமாலை மகளின் கல்யாணப் போட்டோ மொத்தமும், கருகாமல் தப்பிய அதன் டிஸ்க்கில்தான் இருந்தது. கேமரா கார்டில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துத் தொலைத்திருந்தான். அதென்ன நேரமோ, யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது.

"பழைய டிஸ்க்கு டக்டக்குன்னு சத்தம் போடுதுண்ணே, ரொம்ப நாள் தாங்காது" என்றான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் மணிமாறன். "விண்டோஸு, போட்டோ எல்லாத்தையும் அப்படியே புது டிஸ்க்குல ஏத்தி, புதுக் கம்ப்யூட்டர்ல மாட்டிடறேன். ஆனா ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸு. மாத்தி ஏத்திட்டேன்னா போட்டோ பூரா காலி! பழசுல ஒரு அடையாளம் வெய்யுங்க. பைக்ல கேபிள் இருக்குது, எடுத்துக்கினு வர்றேன்."

துடைத்து வைத்ததில் இரண்டு டிஸ்க்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மேசையில் கிடந்தன. புதுசைக் கவர் பிரித்து அங்கே வைத்துவிட்டுப் போன மனைவி அம்சவள்ளி, புதுக் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்ட அப்போதுதான் தட்டோடு வந்தாள்.

செல்போன் அலறியது. பூமாலையேதான்! தேவநாதன் போனை எடுத்தான்.

"அம்சா, டிஸ்க்குல ஒரு பொட்டு வை" என்று சொல்லிவிட்டு, போனோடு வாசலுக்கு ஓடினான். ஆல்பம் நாளைக்கே வேண்டும் என்று பூமாலை கத்தித் தீர்த்தார்.

அவன் திரும்பி வந்தபோது, பொட்டு வைத்த டிஸ்க்கிலிருந்து வைக்காத டிஸ்க்குக்கு மணிமாறன் ஏற்றிக்கொண்டிருந்தான். முப்பது சதவீதம். ஐம்பது. ஒன்றே முக்காலுக்கு டியூப்லைட் ஒரு தடவை கண்ணடித்தது.

"அய்யய்யோ, போயிடாதே சாமி!" டியூப்லைட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான் தேவநாதன்.

தொண்ணூறு. தொண்ணூற்று ஒன்பது. நூறு! மறு நிமிஷம் கரண்டு போனது.

"தப்பிச்சோம்ணே!" என்று மணிமாறன் சிரித்தான்.

தேவநாதன் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான். மனைவியைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. "உன் பொட்டுதான் மானத்தைக் காப்பாத்திச்சு அம்சா. கரெக்டா பழசுல வெச்சியே!"

அம்சவள்ளி திருதிருவென விழித்தாள்.

"ஐய... பழசுக்கு யாருங்க பொட்டு வெப்பாங்க?"