அறுபது பெட்டி, ஒரே பாஸ்வேர்டு

“அந்தப் பாஸ்வேர்டை உனக்குக் கொடுத்தது யாரு? பேரைச் சொல்லிட்டு இந்த ரூமை விட்டு வெளியே போ!”

ஒபிரி மேசையைக் குத்திய குத்தில் ஆஸ்பத்திரி இயக்குநர் டாக்டர் நிமாகோவின் கோப்பையிலிருந்து தேநீர் சிந்தியது. அந்த அம்மாள் அதைக் காகிதத்தால் துடைத்தார்.

போமா அசையவில்லை. குமாசி நகரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இணைப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. ஒபிரியின் கம்பெனி செய்து கொடுத்த அறுபது நெட்வொர்க் பெட்டிகளும் சரியாக இருக்கின்றன என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்று ஒரு வாரமாக நிற்கிறாள்.

இன்று காலை அதே மேசையில் ஒரு பெட்டியை வைத்து, இருவர் கண் முன்னாலேயே அதைத் திறந்தும் காட்டிவிட்டாள். அவள் அடித்த பாஸ்வேர்டு திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. ஆனால் அடுத்த நொடி பெட்டி அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. அப்போது வெளிறிய ஒபிரியின் முகம் இன்னும் பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை.

“எனக்கே தெரியாத பாஸ்வேர்டு அது! என் பட்டறையில ரெண்டே ரெண்டு இன்ஜினீயருக்குத்தான் தெரியும். அவனுங்கள்ல ஒருத்தன் உனக்கு வித்திருக்கான்.”

“யாரும் விக்கலை சார்.”

“பின்னே கனவுல வந்து சொன்னாங்களா?”

“அதை விடுங்க. அது ஏன் பெட்டிக்குள்ள இருக்குன்னு கேளுங்க. நான் வைக்கிற பாஸ்வேர்டு ஒண்ணு. அதுக்கு அடியில உங்க ஆளுங்க புதைச்சு வெச்ச பாஸ்வேர்டு இன்னொண்ணு. அதை என்னால மாத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அறுபது பெட்டிக்கும் அது ஒண்ணேதான்.”

“ரிப்பேர்னு கூப்பிட்டா எங்க ஆள் உள்ளே வர வேண்டாமா? அதுக்கு வெச்சது. அதை வெளியில எவனும் கண்டுபிடிக்க முடியாது.”

“நான் கண்டுபிடிச்சேனே!”

“திருடினே!”

போமாவுக்குச் சுரீர் என்றது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“மேடம், குறைமாசக் குழந்தைங்க வார்டுல இருக்கிற மானிட்டர் அத்தனையும் இந்தப் பெட்டிங்க வழியாத்தான் பேசப் போகுது. யாரோ ஒருத்தன் வீட்டுல உக்காந்துட்டு அதை நிறுத்தினா, மூச்சு நின்ன குழந்தைக்கு மணி அடிக்காது. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

டாக்டர் நிமாகோ ஒரு காகிதத்தை முன்னால் நகர்த்தினார். வேலைநீக்க உத்தரவு. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“போமா, நிர்வாகக் குழு முழுக்க இவர் பக்கம். பெட்டி மேல தப்பில்லை, நீதான் திருடிட்டேங்கிறாங்க. கொடுத்தவன் பேரைச் சொன்னா உன் வேலையை நான் காப்பாத்திடுவேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லை.”

“போட்டுக்கோங்க மேடம். வேலை போனாலும் என் கையெழுத்து அந்தப் பெட்டி மேல விழாது.”

“எய்! என்ன திமிரு பாருங்க!” ஒபிரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்று வெள்ளிக்கிழமை ஆதலால், உள்ளூர் அச்சுத்துணி உடுத்தும் ஊர் வழக்கப்படி, கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கென்று அச்சடித்த நீலத் துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தார். பொத்தான்கள் தெறித்துவிடும் போலிருந்தன. “பெரிய மனுஷன் பேசுறேன், மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாதா? வந்ததுலேர்ந்து என் தொப்பையையே பார்த்துட்டு நிக்கிறே!”

“தப்பா எடுத்துக்காதீங்க சார். சட்டை எடுப்பா இருக்கு.”

டாக்டர் நிமாகோ கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒபிரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“கிண்டலா? மேடம், பேனாவை எடுங்க. போடுங்க கையெழுத்தை!”

பேனா திறக்கப்பட்டது. போமாவின் பதினோரு வருட வேலை. இருந்தாலும் நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

“ஒரு நிமிஷம். பேரைச் சொல்றேன். ஆனா அந்த ஆளை நீங்க என்ன பண்ணுவீங்க சார்?”

“அப்படி வா வழிக்கு! இன்னைக்கே கம்பெனியை விட்டுத் துரத்துவேன். என் அக்கா மகனாவே இருக்கட்டும், விடமாட்டேன். ஊரெல்லாம் பாஸ்வேர்டைப் பரப்புறவன் ஒரு கம்பெனியில இருக்க லாயக்கா?”

“அப்போ அந்தப் பெட்டிங்க?”

“பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்சுபோச்சுன்னு நீ நிரூபிச்சா, அறுபதையும் நானே லாரியில ஏத்திட்டுப் போறேன். போதுமா?”

“மேடம், நீங்க சாட்சி.”

“சாட்சி” என்றார் டாக்டர் நிமாகோ.

“நீங்கதான் சார் அந்த ஆள்.”

ஒபிரி கடகடவென்று சிரித்தார். “எனக்கே தெரியாதுன்னு சொல்றேன், நான் சொன்னேனாம்!”

“வாயால சொல்லலை. போன வெள்ளிக்கிழமை பெட்டிங்களை இறக்கினப்போவும் இதே சட்டையிலதான் நின்னீங்க. எதுக்கும் பார்ப்போம்னு அடிச்சுப் பார்த்தேன். விழாவுல ஊருக்கே இந்தத் துணியில ஆளுக்கு மூணு கஜம் கொடுத்தீங்களே, நம்ம வாசல் கேட்டுல கென்கே உருண்டை விக்கிற அக்காகூட இப்போ அதைத்தான் இடுப்புல கட்டியிருக்காங்க. மேடம், கண்ணாடியைப் போட்டுட்டு, அவர் சட்டையில பருந்துப் படத்துக்குக் கீழே இருக்கிறதைச் சத்தமா படிங்க.”

டாக்டர் நிமாகோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒபிரியின் தொப்பையருகே குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்: “எங்களை மீறி ஈகூட நுழையாது, 2014.”

“அதேதான் மேடம். இடைவெளி விடாம அடிங்க, அறுபது பெட்டியும் திறக்கும்.”