முதல் வண்டி

ஃபோர்க்லிஃப்டில் இரண்டு ஃப்ரிட்ஜ்கள் அந்தரத்தில் நிற்கும்போதுதான் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது.

அவள் முதலில் பெட்டிகளைத் தரையில் இறக்கினாள். பிறகுதான் எடுத்துப் பார்த்தாள்.

‘வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் உடைந்துவிட்டது. அக்கரையில் நாலாயிரம் பேர். ரிசர்வ் படையினர் மூன்று மணிக்குள் முகாமில் ஆஜராகவும்.’

மணி பன்னிரண்டே கால்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்.

ஊர் வெள்ளத்தில் கிடக்கும்போது உனக்கு என்னடி சந்தோஷம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டு உறைக்கவில்லை. கை அதுபாட்டுக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்தது.

நான்கு மாதங்களுக்கு முன்புவரை அவள் ராணுவத்தில் பாலம் போடும் பிரிவில் சார்ஜென்ட். விசில் ஊதினால் முப்பது பேர் ஓடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ‘பாலத்தக்கா’ என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், பிடிக்கும்.

பள்ளியில் அம்மாவை வரையச் சொன்னபோது மகள் ஒரு கைப்பேசியை வரைந்து வைத்தாள். கணவன் அந்தப் படத்தை அனுப்பிய வாரமே முழுநேர வேலையை விட்டுவிட எழுதிக்கொடுத்தாள். கூடவே, அவசரத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் போகும் ரிசர்விலும் பெயர் கொடுத்தாள். ஒரேயடியாக விட மனம் வரவில்லை.

வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் இல்லாமலே நடக்க வீடு பழகியிருந்தது. விடிவதற்கு முன் எழுந்து போர்வையைக் கோடு பிசகாமல் மடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பாள். கணவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “இங்க பரேடு எடுக்க யாரும் வரமாட்டாங்க. படு” என்பான்.

வேலையும் லேசில் கிடைக்கவில்லை. ரிசர்வ் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு இடங்களில் முகம் மாறியது. திடீரென்று கூப்பிட்டால் போய்விடுவீர்களே என்றார்கள். அதனால் இந்தக் கிடங்கின் விண்ணப்பத்தில் ‘ஒன்பது வருடம் கட்டுமான வேலை’ என்று மட்டும் எழுதினாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

ரிசர்வின் முதல் பயிற்சி அடுத்த மாதம்தான். அதற்குள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆறு அதுவரை காத்திருக்கவில்லை.

மேலாளரின் அறைக்கு இரும்புப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். அவருக்குக் கிடங்கில் ‘பூட்டு’ என்று பெயர். இந்த மூன்று மாதத்தில் அவர் அவளிடம் பேசிய நீண்ட வாக்கியம், “பாத்து எடும்மா.”

அறை பூட்டியிருந்தது.

கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். சொல்லாமல் போனால் வேலை போய்விடும். காத்திருந்தால் மூன்று மணி போய்விடும்.

டெலிவரி ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். ‘நான் ரிசர்வ் படையில் இருக்கிறேன். மறைத்ததற்கு மன்னிக்கவும். கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன். திரும்பி வரும்போது வேலை இருந்தால் சந்தோஷம்.’ கதவுக்கு அடியில் தள்ளினாள். ஃபோர்க்லிஃப்ட் சாவியைக் கீழே நின்ற ஒருவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

வழியில் கணவனுக்குப் போன் செய்தாள். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் குரலைக் கேட்டதுமே அவன் சிரித்துவிட்டான். “போ, போ. பாப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன்.”

இரண்டே முக்காலுக்கு முகாமில் நின்றாள். சீருடை இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. மற்றபடி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது: டீசல் வாசனை, ஈர இரும்பு, நாலா பக்கமும் கத்தல். அதிகாரி அவளைப் பார்த்ததும் ஒரு விசிலையும் பெயர்ப் பட்டியலையும் கையில் வைத்தார். முதல் வண்டி அவளுடையது. பின்னால் பதினாறு லாரிகள்.

அன்று மாலை தொடங்கிய வேலை மறுநாள் காலையில் முடிந்தது. ஏழு மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் அக்கரை சேர்ந்தது. அந்தக் கதையை அவள் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் மகள் திரும்பத் திரும்பக் கேட்பது, லாரி கிளம்புவதற்கு முன் நடந்ததைத்தான்.

கைப்பிடியைப் பற்றி ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சீருடையில் பூட்டு.

விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். “பாலத்தோட நடுத்துண்டு நம்ம வண்டியிலதான் மேடம்.”

அவள் பெயர்ப் பட்டியலை மடியில் வைத்தாள். “சார்... உங்க ரூம் கதவுக்கு அடியில ஒரு பேப்பர்...”

“பாக்கல. டிரைவருங்களுக்குப் பதினொன்றரைக்கே தகவல் வந்துடுச்சு, கெளம்பிட்டேன்.”

“நான் ரிசர்வ்ல இருக்கறத உங்ககிட்ட சொல்லாம...”

அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. கண்ணாடியைச் சரிசெய்தபடி, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

“நம்ம பிரிவுக்குப் புதுசா வர்றவங்க லிஸ்டு, வண்டி ஒதுக்கறதுக்காக என்கிட்டயும் வரும் மேடம். அதுல உங்க பேரு, நம்பர் எல்லாம் இருந்துச்சு. அடுத்த வாரமே அதே பேர்ல கிடங்குக்கு ஒரு அப்ளிகேஷன். மொத்தம் பதினோரு பேர் போட்டிருந்தாங்க. மத்த பத்தையும் நான் பிரிச்சே பாக்கல.”

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி விசிலை ஊதினாள். தேவைக்கு மேலேயே ஊதினாள்.